பிந்தி இழுத்த குமிழ்

குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கதைபோல ஆரம்பித்தால் போகிற வழியில் எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்த்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

தரையிறங்க வந்துகொண்டிருந்த ஒரு சின்ன விமானம் விழுந்தது. ஓட்டியவன் மாணவன். பக்கத்து இருக்கையில் இன்ஸ்ட்ரக்டர் நான். அது விழுந்ததற்கு நான்தான் காரணம். விழுந்த பிறகு பொய் சொன்னேன். அந்தப் பொய்யில் ஒரு மெக்கானிக்கின் வேலை போனது. மாணவன் தன் ஞாபகத்தையே நம்ப முடியாதவன் ஆனான். எனக்கு நெற்றியில் சில தையல். அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரும் பறக்கும் கழகத்தின் பெயரும் வேண்டாம். அங்கே இருந்த மற்றவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை. சோழமண்டலக் கரையில் ஒரு சின்ன ஓடுதளம், 1980களின் பிற்பகுதி, ஐப்பசி மாதம். இது போதும்.

விமானம் புஷ்பக். பெங்களூரில் இன்றைய எச்.ஏ.எல். கட்டியது. 1958இல் முதல் தடவை பறந்தது. அப்புறம் நாடெங்கும் பறக்கும் கழகங்களில் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டது. இறக்கை தலைக்கு மேலே. இரண்டே இருக்கை, அருகருகே. எஃகுக் குழாய்களால் ஒரு கூடு, அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, துணிமேல் டோப் பூச்சு. மூன்றாவது சக்கரம் வாலில். 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். மற்ற நாடுகளில் இப்படிப்பட்ட விமானங்களைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறப்பார்கள். நாங்கள் தினமும் பறந்தோம். வேறு விமானம் இல்லை.

சுழற்றிவிட்டவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஏர்ஃபோர்ஸில் ஏர்மேனாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கழகத்தில் செயலாளர் முதல் வாட்ச்மேன் வரை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடிப்பார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் இருந்தால் அடியில் குண்டுமணியாக நிற்கும். இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார். இதை அவர் செய்யாத ஒரு நாளைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த வரியை நான் அன்றைக்கே விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் கொஞ்சம் எஞ்சின் விஷயம். இது தெரியாமல் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் பிடிபடாது.

அந்தக் காலத்து எஞ்சின்களில் கார்ப்புரேட்டர் உண்டு. காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் பாய்கிறது. அங்கே பெட்ரோல் தெளித்து ஆவியாகிறது. மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது பானை சில்லென்று ஆகிறதே, அதே வேலைதான். ஆனால் பல மடங்கு வேகமாக. உள்ளே வெப்பம் 20, 30 டிகிரிகூட இறங்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது கார்ப்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டியாக ஒட்டும். த்ராட்டிலை மூடி வைத்து இறங்கும்போது ஆபத்து அதிகம். வழி ஏற்கெனவே குறுகல், எஞ்சினிலும் சூடு குறைவு. அந்த நேரத்தில் காற்றே ப்ரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அதனால் எஞ்சின் மூச்சு முட்டுவது வெளியே தெரியாது. த்ராட்டிலைத் திறக்கும்போதுதான் தெரியும்.

வெளியே வெயில் அடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியே 30 டிகிரி இருந்தாலும் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே கட்டி தட்டும். எங்கள் கரையில் மழைக்கால விடியலில் வெப்பம் 26, காற்றின் ஈரம் நீராகத் திரளும் டியூ பாயிண்ட் 24 என்று இருக்கும். கார்ப்புரேட்டருக்கு அது ரொம்பக் கெட்ட காற்று.

இதற்கு மருந்து டேஷ்போர்டில் ஒரு குமிழ். கார்ப் ஹீட். இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே போகும். த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்னால் இழுக்க வேண்டும். குறைத்து வெகுநேரம் ஆனபின் இழுத்தால் சூடு கொடுக்கக் குழாயில் சூடே இருக்காது. இது பாடப்புத்தகத்தில் இருந்தது. செக்லிஸ்டில் இருந்தது. நான் இழுக்கமாட்டேன். அதை வெள்ளைக்காரன் ஊர் வியாதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல வருஷம் இழுக்காமலே இறங்கி, ஒன்றும் ஆகாததால், ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

அண்ணாச்சி கவனித்திருந்தார். விபத்துக்குச் சில நாள் முன்னால் ஹாங்கர் வாசலில், மாணவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "சார், இந்த ஈரத்துல ஹீட் இழுக்காம எறங்காதிய. வெயிலப் பாத்து ஏமாறக்கூடாது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பையன்கள் கேட்டார்கள். எனக்குக் காது சூடானது. எஞ்சினைத் துடைக்கிற ஆள் எனக்குப் பறக்கச் சொல்லித்தருவதா? இப்படியேதான் நினைத்தேன். வார்த்தையை மாற்றி மரியாதையாக்கினால் இன்னொரு பொய் ஆகிவிடும். "உங்க வேலையை நீங்க பாருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் கைத்துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விபத்து நடந்த அன்று இரவெல்லாம் மழை பெய்து காலையில் வெறித்திருந்தது. ஓடுதளத்தின் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. தரையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மாணவன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். அப்பா நஞ்சையில் ஒரு பகுதியை விற்றுப் பணம் கட்டியிருந்தார். செக்லிஸ்டை மனப்பாடமாக, உதடு அசைய, சொல்லிக்கொண்டே பறப்பான். சோலோ போகும் நிலைக்கு வந்திருந்தான்.

டவுன்விண்டில், ஓடுதளத்துக்கு இணையாக, பறந்துகொண்டிருந்தோம். ஓடுதளம் இடது பக்கம். த்ராட்டிலைக் குறைக்கும் இடம் வந்தது. அவன் கை முதலில் கார்ப் ஹீட் குமிழுக்குப் போனது.

"சார், கார்ப் ஹீட்" என்றான்.

அது அண்ணாச்சியின் சொல் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் எனக்கு உறைத்தது. அவன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

"கொடைக்கானல்லயா தம்பி பறக்குறே?" என்று சிரித்தேன். அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டேன். "ஐஸ் வந்தா சொல்லு, ரோஸ்மில்க்ல போட்டுக் குடிப்போம்."

அவன் கையை எடுத்தான். அவனும் சிரித்தான். இன்ஸ்ட்ரக்டர் சிரித்தால் மாணவன் சிரிக்கத்தானே வேண்டும்.

த்ராட்டிலைக் குறைத்தான். பேஸில் திரும்பினான். எல்லாம் சரியாக இருந்தது. ஓடுதளத்துக்கு நேராக வரும் ஃபைனலில் கொஞ்சம் தாழ்ந்துவிட்டோம். "பவர் கொடு" என்றேன். த்ராட்டிலை முன்னால் தள்ளினான். எஞ்சின் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். இன்னும் தள்ளினான். கடைசிவரை தள்ளினான். ப்ரொப்பெல்லர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கன்ட்ரோலை நான் வாங்கினேன்.

அந்த நேரத்தில் எனக்கு எதிரே இரண்டு இடம் இருந்தது. நேர் முன்னால் நடவு முடிந்த வயல். சேறு. அங்கே இறக்கினால் சக்கரம் புதைந்து விமானம் கவிழலாம். ஆனால் இறக்கை சமமாக, வேகம் குறைவாக, நாமே இறங்கியதாக இருக்கும். அதற்கு அப்பால், வேலியைத் தாண்டி, ஓடுதளம். எட்டாத தூரம். எட்டாது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

நான் ஓடுதளத்தை எடுத்தேன். ஏன்? ஓடுதளத்தில் இறங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் பனி உருகிவிடும். எஞ்சின் மறுபடி ஓடும். வயலில் இறங்கினால் ஊரே கூடும். அண்ணாச்சி வந்து பார்ப்பார். இதையெல்லாம் அந்த ஓரிரு நொடியில் நினைத்தேனா என்று கேட்டால், வரிசையாக நினைக்கவில்லை. ஆனால் கை அந்தப் பக்கம்தான் போனது.

மூக்கைத் தூக்கினேன். எஞ்சின் இல்லாத விமானத்தின் மூக்கைத் தூக்கினால் தூரம் நீளாது, வேகம்தான் சாகும். ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் வாரத்திலேயே நான் சொல்லும் பாடம் இது. வேகமானி முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். கையில் கன்ட்ரோல் தளர்ந்தது. இடது இறக்கை சட்டென்று விழுந்தது. வயல் வரப்பில் இடது சக்கரம் மோதியது. அப்புறம் மூக்கு. அப்புறம் தலைகீழ்.

இனி நான் சொல்லப்போவதை அப்போது யாரும் பார்க்கவில்லை.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். உடைந்த இடத்திலிருந்து பெட்ரோல் சொட்டி என் சட்டையில் விழுந்தது. கூரை இருந்த இடத்தில் சேற்றுத் தண்ணீரும் நாற்றுகளும். அவன் இடது பக்கம் அப்படியே உள்ளே நசுங்கியிருந்தது. ரட்டர் பெடலுக்கும் வளைந்த குழாய்க்கும் நடுவில் அவன் பாதம் மாட்டியிருந்தது. முனகிக்கொண்டிருந்தான். பெட்ரோல் வாடை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பொறி போதும். மேக்னெட்டோ சுவிட்சை அணைக்க வேண்டும், அவன் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும், காலை விடுவிக்க வேண்டும்.

என் கை முதலில் கார்ப் ஹீட் குமிழைத் தேடியது. தலைகீழாக இருந்ததால் உடனே அகப்படவில்லை. தடவித் தடவித் தேடினேன். அகப்பட்டதும் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டேன். லேசாக வளைந்திருந்ததால் கொஞ்சம் முரண்டியது. பலமாக இழுத்தேன். அதற்குப் பிறகுதான் மேக்னெட்டோ. அதற்குப் பிறகுதான் அவன் பெல்ட்.

குழம்பிப் போய்ச் செய்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு நானே. குழம்பியவன் கை அவ்வளவு சரியாக அங்கே போகாது.

நடவு வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். கதவைப் பிய்த்தார்கள். கயிற்றுக் கட்டிலில் அவனைப் போட்டு ரோடுவரை தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி வந்து சேர்ந்தபோது கார்ப்புரேட்டரில் இருந்த பனி தண்ணீராகியிருக்கும். தண்ணீரும் காய்ந்திருக்கும். இந்த வகை விபத்தில் சாட்சி அரைமணி நேரம்கூட நிற்காது. டேங்கில் இருந்த பெட்ரோலும் சேற்றில் கலந்துவிட்டது. பிடித்துப் பார்க்க மாதிரி இல்லை.

அண்ணாச்சி காக்பிட்டுக்குள் குனிந்து பார்த்தார். வெளியே இழுத்திருந்த குமிழைப் பார்த்தார். "ஹீட் எப்ப இழுத்திய?" என்று கேட்டார்.

"டவுன்விண்ட்லயே" என்றேன்.

தலையாட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. வளைந்த தண்டில் இழுபட்ட கீறல் புதிதாகப் பளபளத்தது. மெக்கானிக் கண்ணுக்கு அது தப்பாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நிதானமானவர். சரியான கேள்வியைத்தான் முதலில் கேட்டார். ஈரமான காலை, குறைந்த பவர், கார்ப்புரேட்டர் பனியாக இருக்குமா? குமிழ் வெளியே இழுபட்டிருந்ததை விபத்துப் படத்தில் காட்டினேன். முன்கூட்டியே இழுத்தாயிற்று என்றேன். அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. அப்படியானால் வேறென்ன? "ராத்திரி முழுக்க மழை. எரிபொருளில் தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது எஞ்சின் நின்ற விதம்" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். யார் மேலும் பழி போடவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பெட்ரோலில் தண்ணீர் என்றால் அது யார் வேலை என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"காலையில வடிச்சுப் பாத்தேன் சார்" என்று அண்ணாச்சி சொன்னார். எழுத்தில் இல்லை. அவர் குப்பியில் பிடித்துப் பார்ப்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், அன்று காலையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஊரில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

மாணவனிடம் செய்தது இதைவிட மோசம். அவனுக்குத் தலையிலும் அடி. கடைசி சில நிமிஷங்கள் அழிந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நான் ஹீட் இழுத்தேனா?" என்று கேட்டான். தான் மறந்ததால்தான் விழுந்ததோ என்று அவனுக்குப் பயம். "இழுத்தே தம்பி, நான் பார்த்தேன்" என்றேன். அவன் முகம் தெளிந்தது. வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு பையனுக்கு ஆறுதல் சொன்னேன் என்று வெகுகாலம் அதையும் என் நல்ல கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அவன் இடது கணுக்கால் மறுபடி மடங்கவில்லை. எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்தார்கள். பெடலை அழுத்த முடியாத கால். மருத்துவப் பரிசோதனையில் தகுதி இல்லை என்று எழுதிவிட்டார்கள். விற்ற நஞ்சை விற்றதுதான். கூட்டுறவு வங்கியில் கிளார்க் ஆனான்.

நான் கேப்டன் ஆனேன். ஜெட். அதில் கார்ப்புரேட்டரே கிடையாது.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவனைச் சந்தித்தேன். காலை இழுத்து நடந்து வந்தான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தான். நன்றாகத்தான் பேசினான். பாயசம் வரும் நேரத்தில், "ஒண்ணு மட்டும் அப்பப்ப ஞாபகம் வருது சார். நீங்க சிரிச்சீங்க. ஏதோ ரோஸ்மில்க்னு சொன்னீங்க. எதுக்குன்னு தெரியல" என்றான்.

"அது வேற நாள் தம்பி" என்றேன். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பயிற்சி வகுப்புகளில் இளைஞர்களுக்கு நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தப்பை மறைக்காமல் அறிக்கை கொடுப்பதுதான் வான் பாதுகாப்பின் அடிப்படை என்று சொல்வேன். கைதட்டுவார்கள்.

அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இதையும் எழுதியாக வேண்டும். துக்கம் பிறகு வந்தது, அல்லது வர வேண்டுமே என்று வரவழைத்தேன். ஆனால் அந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் மகனைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காபிகூடக் கொடுத்தார். "அப்பா உங்கள ஒரு வார்த்த சொன்னதில்ல. வேலையில கவனக்கொறவுன்னு எழுதிட்டாங்களேன்னு மட்டும் சாகுற வரைக்கும் சொல்லுவாரு" என்றார். பிறகு, "இதையெல்லாம் எழுதி, நோட்டரி கையெழுத்தோட குடுங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். அந்த விசாரணை ஆபீசுக்கும் அனுப்பணும்" என்று கேட்டார். சரி என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுக் கடத்தினேன். தெரிந்த வக்கீல் ஒருவர், "பழைய விஷயம், எதற்கு வம்பு?" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தித்தித்தது. மழைக்காலம் முடிந்து மாசி வரைக்கும் அதை வைத்து ஓட்டினேன். அண்ணாச்சியின் மகன் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அவர் செய்யவில்லை. அதற்கப்புறம்தான் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். குமிழை எப்போது இழுத்தேன் என்பதும், காலையில் அண்ணாச்சி பெட்ரோலை வடித்துப் பார்த்ததை நான் கண்ணால் கண்டதும் அதில் இருக்கின்றன.

மாணவனுக்குப் போன் செய்தேன். அவனுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். முழுவதையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "அப்ப நான் இழுக்கத்தான் கை நீட்டினேனா சார்?" என்று கேட்டான்.

"ஆமா. நான்தான் தட்டிவிட்டேன்."

"என் வீட்டுக்காரிகிட்ட இத ஒரு தடவ சொல்றீங்களா?" என்று போனைக் கொடுத்துவிட்டான்.

அந்த அம்மாவிடமும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "இத்தன வருஷமா நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார்.

"ஏரோப்ளேன் ஓட்டிக்கிட்டிருந்தேம்மா" என்றேன்.